ஷேப் றேமண்ட்

கொட்டாஞ்சேனையில் போய் றேமண்ட் வீடு எங்கே என்று கேட்டால் எந்த றேமண்ட் என்று திருப்பிக் கேட்பார்கள். பாண் பேக்கரி றேமண்ட் ஒருவர் இருக்கிறார். செத்த வீட்டுக்குப் பெட்டி கொடுக்கும் றேமண்ட் இன்னொருவர். ஷேப் றேமண்ட் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

துறைமுகத்தில் வந்து இறங்கும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவர் வார்ஃப் கிளார்க். வாலிபத்தில் போய்ச் சேர்ந்த வேலை. தலை நரைத்து, தொப்பை வைத்து, இன்றைக்கும் அதே கம்பெனி, அதே மேசை. அங்கேதான் அந்தச் சொல் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஷேப் என்பது இங்கிலீஷ் சொல். வெள்ளைக்காரனிடம் அர்த்தம் கேட்டால் உருவம், வடிவம் என்பான். அதற்கு மேல் அந்தப் பாவிக்கு ஒன்றும் தெரியாது. கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு வாழ்வு வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று இந்த ஊரில் எல்லாரும் ஒற்றுமையாகப் பாவிக்கும் சாமான்கள் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள் பார்ப்போம். அதில் இது ஒன்று. ஆனால் எல்லாரும் கறிக்கு உப்புப் போடுகிற மாதிரிப் பாவித்தால், றேமண்ட் அதையே சோறாகத் தின்றார்.

ஒருகொடவத்தை யார்டில் ஒரு கன்டெய்னர் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். முதலாளி போனில் கூப்பிட்டு என்ன நிலைமை என்று கேட்பார். "ஷேப் சேர்" என்பார் றேமண்ட். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மத்தியானம் கன்டெய்னர் கேற்றைத் தாண்டி வெளியே வந்துவிடும். "சேர், ஷேப்" என்பார். அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஜென்மத்தில் வராது என்று தெரிந்தால் "ஷேப் பண்ணிப் பார்ப்பம் சேர்" என்று இழுப்பார். முதலாளிக்கு இப்போது அந்த இழுவையின் நீளத்திலேயே விஷயம் விளங்கிவிடும்.

த்ரீவீலரில் ஏறினால் "ஷேப் எகே யமு மல்லி" என்பார். ஆறுதலாகப் போவோம் தம்பி என்கிறார். நத்தார்க் காலத்தில் கரோல் கோஷ்டியில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் இவர் நடுவில் புகுந்து "ஷேப் ஆகுங்க, ஷேப் ஆகுங்க" என்பார். அங்கே அது சமாதானம். யாராவது கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், நாலு நல்ல வார்த்தை சொல்லி ஆளை வழிக்குக் கொண்டுவருவதும் ஷேப் பண்ணுவதுதான். தையல்காரரிடம் போய் "சேர்ட்டுக்குக் கொஞ்சம் ஷேப் எடுங்க" என்று சொல்லும்போது மட்டும்தான் சொல் அதன் பிறந்த வீட்டு அர்த்தத்தில் நிற்கும். அதற்கும் அந்தத் தையல்காரர் அவர் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பார். "எங்க அண்ணே எடுக்கிறது?"

இதெல்லாம் சிரிப்பதற்கு. அவருடைய அம்மா செத்த அன்றைக்கு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரின் தோளைப் பிடித்து ஒருவர் "எப்பிடி றேமண்ட் இருக்கிறீங்க?" என்று கேட்டார். "ஷேப்" என்றார். அந்த மனுசனுக்கு அந்த நேரத்தில் வேறு சொல் கிடைக்கவில்லை. கேட்டவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளுக்குள் என்ன கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, மனைவி றோஸிக்குக்கூட.

இனி விஷயத்துக்கு வருவோம். றேமண்டுக்கும் றோஸிக்கும் ஒரே மகள், நிலூஷா. கொழும்புக் கோட்டையில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. அங்கேயே வேலை செய்யும் அனுஜன் என்ற பையனை அவள் விரும்பினாள். வெள்ளவத்தைப் பையன், யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். அப்பா லோகேஸ்வரன் காலி வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் பெரிதாக ஒரு சத்தமும் எழும்பவில்லை. முதல் நாள் கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஃபாதர் ஆசீர்வதித்து மோதிரம் மாற்றுவது, மறுநாள் வெள்ளவத்தை ஹோலில் ஐயர் வைத்துத் தாலி கட்டுவது என்று பேசி முடித்தார்கள். நாள் வைக்கிற பொறுப்பை லோகேஸ்வரன் எடுத்துக்கொண்டார்.

லோகேஸ்வரன் எப்படிப்பட்டவர் என்றால், கடைக்கு வருகிறவர்கள் மருந்து இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு" அல்லது "இல்லை". மூன்றாவது சொல் வாயிலிருந்து வராது. ஒருநாள் பின்னேரம் அவர் போன் பண்ணினார்.

"மிஸ்டர் றேமண்ட், மாசியில ஒரு நல்ல முகூர்த்தம் வந்திருக்கு. மார்ச்சில இரண்டாம் கிழமை. அதை விட்டால் வைகாசிதான். ஹோலும் அண்டைக்குக் கிடைக்குது. உங்களுக்கு எப்பிடி?"

றேமண்ட் நின்றது சுவரில் தொங்கிய கோயில் கலண்டருக்கு முன்னால். மார்ச் மாதம் முழுக்க ஊதா நிறத்தில் இருந்தது. தவக்காலம். ஈஸ்டருக்கு முந்திய அந்த நாட்களில் பீடத்தில் பூ வைக்கமாட்டார்கள், அல்லேலூயா பாடமாட்டார்கள், கலியாணம் என்ற பேச்சே கோயிலில் இருக்காது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். றேமண்ட் அந்த ஊதாவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லது அண்ணே. அப்ப வைப்பம்."

ஏன் சொன்னார்? வார்ஃபில் வேலை பழகினவர்கள் எல்லாரும் இப்படித்தான். ஏலாது என்று எடுத்த எடுப்பில் சொல்லக்கூடாது. முதலில் ஓம் என்று சொல்ல வேண்டும், பிறகு பின்பக்கத்தால் போய் ஆளைப் பிடித்து, இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நடந்து, விஷயத்தை வழிக்குக் கொண்டுவர வேண்டும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கன்டெய்னர்கள் வெளியே வந்தன. மகளின் கலியாணமும் ஒரு கன்டெய்னர் மாதிரி வெளியே வந்துவிடும் என்று அந்த மனுசன் நம்பிவிட்டார். விசர் மனுசன்.

மறுநாளே பங்குத் தந்தையைப் போய்ப் பார்த்தார். ஃபாதர் நல்லவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கட்டாயம் எண்டா மேல கேட்டு அனுமதி எடுக்கலாம் றேமண்ட். ஆனா பூ இல்ல, பாட்டு இல்ல. நாலு பேரோட வந்து ஜெபம் பண்ணிட்டுப் போகலாம். உங்களுக்கு ஒரே பிள்ளை. யோசிச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்தவரிடம் றோஸி என்ன ஆச்சு என்று கேட்டார். "ஷேப்" என்றார் றேமண்ட். றோஸி அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று அவர் எப்போதோ படித்துவிட்டார்.

ஆனால் நிலூஷா கோயில் கொய்ரில் பாடுகிறவள். சனிக்கிழமை பாட்டுப் பழக்கத்துக்குப் போன இடத்தில் கொய்ர் மிஸ் கேட்டுவிட்டார்: "என்ன மகள், தபசு காலத்தில கலியாணமாம்? நாங்க பாட ஏலாதே." நிலூஷா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. றேமண்ட் மேசையில் சேர்ட் விரித்து அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"டடா, மார்ச் தபசு காலம் எண்டு தெரிஞ்சுதான் ஓம் எண்டீங்களா?"

"அதை ஷேப் பண்ணலாம் மகள்."

"எப்பிடி?"

றேமண்ட் சேர்ட்டின் கைப்பக்கத்தைத் திருப்பிப் போட்டார். எப்படி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

"சின்ன வயசில இருந்து மத்தவங்கட கலியாணத்துக்கெல்லாம் நிண்டு பாடினனான். என்ட கலியாணத்துக்குப் பாட்டில்ல, பூவில்ல. ஒரு ஏலாது சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்காக ஒருத்தரிட்ட ஏலாது எண்டு சொல்ல உங்களால ஏலாதா டடா?"

அவர் வாயைத் திறந்தார். எந்தச் சொல் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அனுஜனைப் பத்தி உங்களுக்குச் சொன்ன அண்டைக்கு என்ன சொன்னீங்க? 'ஷேப் மகள்' எண்டீங்க. அவ்வளவுதான். அது ஓமா, இல்லையா, என்னவோ செய்து தொலை எண்டதா? எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியா. அனுஜன் கேட்டா டடாக்கு நல்ல விருப்பம் எண்டு சொல்றன். தெரியாமத்தான் சொல்றன்."

சொல்லிவிட்டு அழுதாள். அயர்ன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். சேர்ட் கருகி மணம் வந்தபோது றோஸிதான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

பிறகு மூன்று பேரும் இருந்து பேசினார்கள். அடுத்த நாள் ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போவது. கலியாண நாளை மாற்றச் சொல்லி றேமண்ட் தன் வாயால் கேட்பது. நிலூஷா ஒரு நிபந்தனை வைத்தாள்: காலையில் எழும்பியதில் இருந்து திரும்பி வரும்வரை அந்தச் சொல்லை அவர் சொல்லக்கூடாது. சொன்னால், கேட்க வேண்டியதை அவளே கேட்டுக்கொள்வாள். அவர் வாயைத் திறக்கத் தேவையில்லை.

"சரி" என்றார் றேமண்ட். சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். மஞ்சள் சோறு, கோழிக் கறி. றோஸி வழக்கம்போல "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். றேமண்ட் உதட்டைக் குவித்தார், மகளைப் பார்த்தார், உதட்டை விரித்தார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமே. யோசித்தார். உண்மையைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

"உறைப்புக் கூடுதல்."

றோஸி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். "இண்டைக்கா?"

"எண்டைக்கும்தான்."

"கட்டின நாளில இருந்து ஷேப் ஷேப் எண்டு திண்டீங்களே மனுசா!"

"அது... சாப்பிடலாம் எண்டு அர்த்தம்."

நிலூஷா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, திரும்பவும் சிரித்தாள். றோஸிக்கு முதலில் கோபம், பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பாடு முடிய வெகுநேரம் ஆனது. இன்னும் என்னென்ன பிடிக்காது என்று றோஸி கேட்கக் கேட்க, வல்லாரைச் சம்பல், முன் அறைத் திரைச்சீலை, றோஸியின் தம்பி என்று ஒவ்வொன்றாக வந்தது. தம்பியின் பெயர் வந்ததும் றோஸி விசாரணையை நிறுத்திவிட்டார்.

பின்னேரம் த்ரீவீலர் பிடித்தார்கள். கோல் ஃபேஸ் தாண்டியதும் றைவர் தலையைத் திருப்பி, மரீன் ட்ரைவால் போகட்டுமா என்று சிங்களத்தில் கேட்டான். றேமண்டின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. நிலூஷா கண்ணை உருட்டினாள். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தப்பினார். வலது பக்கம் கடல் வெயிலில் பளபளத்துக்கொண்டு கூடவே வந்தது. றோஸியின் மடியில் லவ் கேக் பெட்டி. றேமண்டுக்கு அது ஒன்றும் கண்ணில் படவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் அந்த ஒன்றே வந்து முன்னுக்கு நின்றது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பின்னால் ஒன்றுமே இல்லை. அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இன்றைக்கு வாய் அடைத்துவிட்டால் மகளுக்கு இனி தன்மேல் நம்பிக்கை இராது என்று விளங்கியது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி. அனுஜன் கீழே வந்து கூட்டிக்கொண்டு போனான். மெலிந்த, நெடிய பையன். எதற்கெடுத்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசுவான். மேலே லோகேஸ்வரன் வெள்ளை வேட்டியும் சேர்ட்டுமாக எழுந்து கும்பிட்டார். அனுஜனின் அம்மா றேணுகா உழுந்து வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார்.

"சீனி காணுமோ அண்ணை?"

றேமண்ட் ஒரு வாய் குடித்தார். எந்த வீட்டில் எந்தத் தேத்தண்ணி கொடுத்தாலும் ஒரே பதில் சொல்லிப் பழகிய வாய் அது. "சீனி கொஞ்சம் கூடுதல்" என்றார். பிறகு அவசரமாக, "ஆனா குடிப்பன். வடை நல்லா இருக்கு. உண்மையாத்தான் சொல்றன்" என்றார். றேணுகா சிரித்துக்கொண்டே கோப்பையை எடுத்துக்கொண்டு போய் வேறு தேத்தண்ணி போட்டுவந்தார். அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் அப்படிச் சொன்னதில்லைப் போலிருக்கிறது. அனுஜனின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"என்ன விஷயமாக் கதைக்க வேணும் எண்டியள் மிஸ்டர் றேமண்ட்?" என்றார் லோகேஸ்வரன்.

றேமண்ட் இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார்.

"அண்ணே, நான் ஒரு பிழை விட்டுட்டன். மார்ச்சில எங்களுக்குத் தவக்காலம். அந்த நேரத்தில கோயில்ல சந்தோசமாக் கலியாணம் வைக்க ஏலாது. பூ இல்ல, பாட்டில்ல. நீங்க போன் பண்ணின நேரம் கலண்டர் எனக்கு முன்னாலதான் தொங்கினது. தெரிஞ்சுகொண்டுதான் ஓம் எண்டனான்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம்."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"எனக்கு ஏலாது எண்டு சொல்லத் தெரியா அண்ணே. பழக்கமில்ல. இப்பதான் முதல் தரம் சொல்றன். அந்த நாளில ஏலாது. மாத்தித் தரவேணும்."

சொல்லிவிட்டார்.  றோஸி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலூஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே தெஹிவளைப் பக்கம் ஒரு ரெயில் சத்தம் போட்டுக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இருக்கு, இல்லை என்று இரண்டே சொல்லோடு வாழ்கிற மனுசன் இவ்வளவு நேரம் யோசிப்பதைப் பார்த்து றேமண்ட் வடைத் தட்டை அங்கும் இங்கும் நகர்த்தினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அந்த நாள் விருப்பமில்லை."

"அப்பா?" என்றான் அனுஜன்.

"மார்ச்சில கடையில கணக்கு முடிக்கிற வேலை, நிக்க நேரமிராது. வைகாசியில வைப்பம் எண்டுதான் நானும் நினைச்சனான். ரொறன்ரோவில இருந்து அக்காதான் மார்ச்சில வை எண்டு சொன்னவ. தன்ர மகளின்ர பிள்ளையளுக்கு அப்பதானாம் பள்ளிக்கூட லீவு." அவர் தலையைச் சொறிந்தார். "அக்காவுக்கு இல்லை எண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்லை, மிஸ்டர் றேமண்ட்."

றேணுகா வாயைப் பொத்திக்கொண்டார். றோஸிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வடையை வாயில் வைத்து மறைத்தார். கடையில் ஊரையே இல்லை என்று திருப்பி அனுப்புகிற மனுசனுக்கு அக்கா என்றால் இந்தப் பயம்.

"அப்ப என்ன செய்வம்?" என்றார் றேமண்ட்.

"அக்காவுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

"நானா?"

"இப்ப எனக்குச் சொன்ன மாதிரி அப்பிடியே சொல்லுங்கோ. நல்லாத்தான் சொன்னியள்."

மறுப்பதற்கு முன்னரே லோகேஸ்வரன் போனை எடுத்துவிட்டார். அங்கே அப்போதுதான் விடிகிற நேரம். அக்கா இரத்தினம்மா விடியவே எழும்பிக் குளித்துத் திருநீறு பூசி உட்காருகிறவராம். இரண்டாவது மணியிலேயே திரையில் முகம் வந்தது. மூக்குக்கண்ணாடி, ஊரில் மிளகாய்த்தூள் இடிப்பித்த கண்டிப்பு, பின்னால் ஜன்னலில் வெள்ளைப் பனி. தம்பி போனை றேமண்டின் கையில் கொடுத்துவிட்டுக் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார்.

றேமண்ட் எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னார். தவக்காலம் என்றால் என்ன என்றும் சொன்னார். தன் பிழையை மறைக்கவில்லை. "மாத்துறது உங்களுக்குக் கஷ்டம் எண்டு தெரியும் அக்கா. பிள்ளைகள் வர ஏலாமப் போகும். அதுக்கு நான் மன்னிப்புத்தான் கேக்கலாம். ஆனா என்ட மகள் பூவோட கோயில் வாசலால வெளிய வாறதை நான் பாக்க வேணும். அதை விட்டுக்குடுக்க எனக்கு ஏலாது."

இரத்தினம்மா கண்ணாடியைச் சரிசெய்தார். மாற்றலாம் என்றோ ஏலாது என்றோ சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

"அது கிடக்கட்டும். உங்களிட்ட ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லுங்கோ. இந்தச் சம்பந்தத்தில உங்களுக்கு விருப்பமோ? நான் தம்பியிட்டக் கேட்டுக் களைச்சுப் போனன். அந்த மனுசன் நல்ல மனுசன், ஆனால் ஒண்டும் வாய் திறந்து சொல்லுறாரில்லை எண்டு சொல்லுறான். விருப்பமில்லாத இடத்தில நாங்கள் பிள்ளை எடுக்கிறதில்லை."

 அனுஜன் சிரிக்கவில்லை. நிலூஷா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். லோகேஸ்வரன்கூடக் கதிரையை முன்னுக்கு இழுத்தார். எல்லாருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது; கலியாண நாளைவிட அதுதான்.

றேமண்ட் போனை மற்றக் கைக்கு மாற்றினார்.  இந்த முறை யார் முகத்தையும் பார்க்காமல் திரையையும் பார்க்காமல், மேசையில் இருந்த வடைத் தட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"அனுஜன் முதல் தரம் எங்கட வீட்டுக்கு வந்திட்டுப் போன அண்டைக்கு, அக்கா, இவ குசினிக்குள்ள போய்க் கோப்பை கழுவினா. கழுவிக்கொண்டு பாடினா. கோயில்ல பாடுறது வேற. வீட்டுக்குள்ள, சும்மா, தனக்காகப் பாடுறது. என்ட அம்மா செத்த பிறகு அதை இவ விட்டிருந்தா. அண்டைக்குப் பாடினா. நான் முன் அறையில இருந்து கேட்டுக்கொண்டிருந்தன். இந்தப் பையன் என்ன செய்தானோ தெரியா, என்ட பிள்ளையின்ட சத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தந்திட்டான் எண்டு நினைச்சன். எனக்குச் சந்தோசம் தாங்கேல்ல. எழும்பிப் போய்ச் சொல்ல வேணும் போல இருந்தது. சொன்னா அழுதிடுவன் எண்டு பயத்தில சொல்லேல்ல." அவர் மூக்கை உறிஞ்சினார். "விருப்பமோ எண்டு கேக்கிறீங்க. இவ்வளவு விருப்பம் எனக்கு எதிலயும் வந்ததில்ல, அக்கா."

சொல்லி முடித்தார், பயந்தபடியே அழுதும்விட்டார். தொப்பை குலுங்க, சேர்ட் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டு ஹோலில், ரொறன்ரோ பார்த்துக்கொண்டிருக்க அழுதார். அனுஜன் எழுந்து வந்து அவர் கையில் இருந்து விழப்போன போனைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"தம்பி லோகேஸ்," என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. இரத்தினம்மாவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "வைகாசியில வை. பிள்ளையள் வராட்டி நான் தனிய வாறன். அந்தக் கோயிலில எனக்கு முன் வரிசை வாங்கில இடம் பிடிச்சு வைக்கச் சொல்லு."

"ஓம் அக்கா" என்றார் லோகேஸ்வரன். கடையில் அவர் சொல்லாத மூன்றாவது சொல் அதுதான். சொன்னவர் எழுந்துவந்து றேமண்டின் முதுகில் கையை வைத்து, வைத்த கையை எடுக்காமல் நின்றார். றேணுகா லவ் கேக் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுக்கத் தொடங்கினார். றோஸி புருசனையே பார்த்துக்கொண்டிருந்தார்; அதற்குமுன் அப்படிப் பார்த்தது அவர்களுடைய கலியாணப் படத்தில்தான் இருக்கிறது.

நிலூஷா அவருக்குப் பக்கத்தில் வந்து, கதிரையில் இடமில்லாமல் அதன் கைப்பிடியில் உட்கார்ந்தாள். கேக் துண்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். சிரிப்பும் அழுகையுமாக முகம் நனைந்திருந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்க டடா" என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும். கோப்பை கழுவினதில இருந்து."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, அவர் திரும்பவும் முதலில் இருந்து சொன்னார்.